ரப்பர் கருகிய வாடை: பெல்ட்டை மாற்றினால் தீர்ந்துவிடுமா?

கேள்வி (3 மார்ச் 2024, மாலை): பன்னிரண்டு வருடக் கார், சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்று) புதுப்பித்து ஓட்டுகிறேன். ஒரு வாரமாக ஏர்கான் ஓடும்போது ரப்பர் கருகுகிற மாதிரி வாடை வருகிறது. வேலையிடத்தில் எல்லாரும் "பெல்ட்தான், மாற்றிவிடு, தீர்ந்தது" என்கிறார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு மலாக்கா போவதாக இருக்கிறோம். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பலாமா?

3 மார்ச், இரவு 10.40

தம்பி, பெல்ட்டாக இருக்கலாம். ஆனால் "மாற்றினால் தீர்ந்தது" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எஞ்சினின் சுழற்சியை ஏர்கானுக்கும் மற்றவற்றுக்கும் கடத்தும் ரப்பர்ப் பட்டைதான் பெல்ட். அது தானாகக் கருகாது. அது சுற்றும் உருளைகளில் ஒன்று சுற்ற மறுத்திருக்கும், இல்லை அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கும். அதைப் பார்க்காமல் புது பெல்ட் போட்டால் புது பெல்ட்டும் கருகும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

2021 டிசம்பர், விடாத மழை. யீஷூனில் எங்கள் புளோக்கின் பலமாடி கார் நிறுத்துமிடத்தில் காலையில் ஸ்டார்ட் செய்தால் கீச்சென்று ஒரு சத்தம். ஏர்கான் போட்டதும் சத்தம் கூடும், பின்னாலேயே கருகல் வாடை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் காட்டினேன். பானெட்டைத் திறந்தார்கள், பெல்ட்டை மாற்றினார்கள், அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் நிம்மதி. அப்புறம் அதே கீச்சு, அதே வாடை.

இரண்டாவதாகப் போனது சின் மிங் பக்கம் ஒரு சீன அங்கிளிடம். அவர் பெல்ட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு உருளையையும் விரலால் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் உருளை சத்தமில்லாமல் சுற்றியது. ஏர்கான் கம்ப்ரஸரின் உருளையும் அப்படியே. நடுவில் சும்மா பெல்ட்டைத் திருப்பிவிடும் சின்ன உருளைக்கு வந்ததும் என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். அம்மியில் மணல் சிக்கினால் குழவி எப்படி நகருமோ அப்படி ஒரு கரகரப்பு. பாதிச் சுற்றில் நின்றும் போனது. மூன்று வாரமே ஆன பெல்ட்டின் உள்பக்கம் வார்னிஷ் பூசியதுபோல் பளபளத்தது. உருளையையும் டென்ஷனரையும் மாற்றி, மறுபடியும் ஒரு பெல்ட் போட்டோம். இன்றுவரை அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

நீங்களாகப் பார்ப்பதென்றால் எஞ்சினை அணைத்து, சாவியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கைப்பேசி விளக்கில் பாருங்கள். விரிசல் இல்லை, அதனால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பழைய நியோப்ரீன் பெல்ட்டுகள்தான் விரிசல் விட்டுக் காட்டிக்கொடுக்கும். இப்போது வருவது ஈபிடிஎம் ரப்பர். அது டயர் மாதிரி தேயும், விரிசல் லேசில் வராது. பள்ளங்கள் ஆழமாகி இருக்கிறதா, உள்பக்கம் பளபளக்கிறதா, உருளைகளைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மலாக்கா விஷயம். பல கார்களில் வாட்டர் பம்ப்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் முதலில் பேட்டரி விளக்கு எரியும், சிறிது நேரத்தில் சூடு ஏறும், அதற்கு மேல் ஓட்டினால் எஞ்சின் போய்விடும். மலேசிய நெடுஞ்சாலையில் ஆயர் ஹீத்தாமுக்கும் பாகோவுக்கும் நடுவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கும்படி ஆகிவிடக் கூடாது. வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை கிளம்பாதீர்கள்.

3 மார்ச், இரவு 11.05

தண்ணீர்ச் சோதனையைச் சொல்ல மறந்துவிட்டேன். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் பள்ளம் உள்ள பக்கத்தில் தெளிப்பானால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் நின்று மறுபடி வந்தால் உருளைகள் ஒரே கோட்டில் இல்லை. சத்தம் இன்னும் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, இழுவை போதவில்லை. கையை உள்ளே நீட்டாமல் தள்ளி நின்று செய்யுங்கள். நீளக் கை சட்டை, கழுத்துச் சங்கிலி, அடையாள அட்டைப் பட்டி எதுவும் வேண்டாம்.

4 மார்ச், காலை 7.15

எல்லாவற்றுக்கும் முன்னால் குனிந்து காருக்கு அடியில் பாருங்கள். தேக்காவில் காய்கறி வாங்கி வந்த ஒரு நாள் மூன்று தெரு தாண்டுவதற்குள் கருகல் வாடை. சாலையில் கிடந்த பிளாஸ்டிக் பை புகைக்குழாயில் ஒட்டி உருகிப்போயிருந்தது. முழுவதும் எரிந்து தீர நாலு நாள் ஆனது. குனிந்து பார்க்கக் காசு செலவில்லை.

5 மார்ச், இரவு 9.30

தம்பியின் பதில் படித்தேன். கீச்சுச் சத்தம் இல்லை. ஏர்கானை அணைத்தாலும் லேசாக வாடை இருக்கிறது. ஓட்டும்போதைவிட வீட்டுக்கு வந்து நிறுத்திய பிறகுதான் மூக்கில் ஏறுகிறது. அப்படியானால் முந்தாநாள் இரவு நான் பெல்ட்டைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதியது உங்கள் காருக்குப் பொருந்தாது. நீங்கள் "ஏர்கான்" என்றதும் என் மனது நேராக என் பழைய பெல்ட்டுக்குப் போய்விட்டது. எப்போது வருகிறது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று வந்து, ஓட ஓடக் குறைந்தால் பெல்ட். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு வந்து, நிறுத்தினால் ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் பலமாக அடித்தால் பிரேக். நான்கு பேர் ஏறினால் மட்டும், அல்லது வளைவில் திரும்பினால் மட்டும் வந்தால் டயர் மட்கார்டின் உள்பக்கத்தில் உரசுகிறது. பெரிய அளவு டயர் போட்டவர்களுக்கு இது வரும்.

நிறுத்திய பிறகு என்பதால் பிரேக்கைப் பாருங்கள். இருபது நிமிடம் ஓட்டி, முடிந்தவரை பிரேக்கை மிதிக்காமல் வந்து நிறுத்துங்கள். புறங்கையை ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், பிரேக் டிஸ்க்கின் சூடு தோலை உரித்துவிடும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அந்தச் சக்கரத்தின் பிரேக்தான்.

இதை எனக்குச் சொல்லித் தந்தது அப்பா. எண்பதுகளில் ஜூரோங்கில் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டினார். எங்கே நிறுத்தினாலும் கோப்பி குடிக்கப் போகுமுன் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி, காய்ச்சல் அடிக்கும் பிள்ளையின் நெற்றியைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு சக்கரத்தருகிலும் புறங்கையைக் கொண்டுபோவார். சின்ன வயதில் கூடப் போகும்போது ஏன் இப்படிச் செய்கிறார் என்று எனக்குப் புரிந்ததில்லை.

5 மார்ச், இரவு 10.20

என் பிரேக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலை. உட்லண்ட்ஸிலிருந்து எஸ்எல்இ விரைவுச்சாலை வழியாக வந்து கொண்டிருந்தேன். கார் லேசாக இடப்பக்கம் இழுத்தது. பிரேக்கை மிதிக்காமல் விட்டால் வழக்கமாக வழுக்கிக்கொண்டு போகும் கார், யாரோ பின்னால் பிடித்து வைத்ததுபோல் சீக்கிரமே நின்றது. கார் நிறுத்துமிடத்தில் ரப்பரும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு காரமான வாடை. கையில் இருந்த அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தேன். முன்னால் வலது 94 டிகிரி, பின்னால் இரண்டும் அறுபதுகளில், முன்னால் இடது 212. அந்தச் சக்கரத்தின் அலாய் ரிம்மில் மட்டும் கறுப்புத் தூள்.

பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பர், இரண்டு பின்களின் (வழுவழுப்பான உலோகக் கம்பிகள்) மேல் வழுக்கி முன்னும் பின்னும் நகர வேண்டும். கீழ்ப் பின் துரு ஏறி இறுகிவிட்டிருந்தது. நானே கழற்றி, துருவைத் தேய்த்து எடுத்து, கிரீஸ் போட்டு மாட்டினேன். உடனே சரியானது. ஆறு மாதத்தில் திரும்பவும் இறுகியது. அந்த முறை ஒர்க்‌ஷாப்பில் பின்னையும் ரப்பர்களையும் புதிதாகவே போட்டார்கள். நம் ஊர் மழைக்குத் துரு பிடிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று. பத்து வருடம் தாண்டிய கார் என்பதால் நமக்கு வருடா வருடம் பரிசோதனை உண்டு. அங்கே சக்கரங்களைச் சுழலும் உருளையில் ஏற்றி, பிரேக் இடது, வலது சமமாகப் பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். என் கார் அதில் தேறிய ஆறாவது வாரம்தான் அந்தப் பின் இறுகியது. பரிசோதனையில் தேறியது, அதனால் பிரேக்காக இருக்காது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

7 மார்ச், மதியம் 1.10

பெடோக்கில் இருப்பவர் எழுதியிருந்தது கவலையாக இருக்கிறது. அவருக்கு வருவது ரப்பர் வாடை இல்லை, மீன் வாடை மாதிரி, பிளாஸ்டிக் சூடான மாதிரி என்கிறார். ஏர்கான் காற்றின் வேகத்தைக் கூட்டினால் அதிகமாகிறதாம். போன மாதம் டேஷ்கேமுக்கு வயர் இழுத்திருக்கிறார். அண்ணே, தயவுசெய்து அந்தக் காரை ஓட்டாதீர்கள். பெல்ட்டும் பிரேக்கும் உங்களுக்கு அவகாசம் கொடுக்கும். வயர் கொடுக்காது. சரியான ஃபியூஸ் இல்லாமல் இழுத்த வயர் இருக்கைக்குப் பின்னால், டேஷ்போர்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் உருகிக்கொண்டிருக்கும். ஏர்கான் காற்றை ஊதும் பிளோயர் மோட்டாரின் இணைப்பியும் இப்படி உருகுவது உண்டு. காரின் எலெக்ட்ரிக் வேலை மட்டும் செய்பவரை வீட்டுக்கே வரச்சொல்லிப் பார்க்க வையுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் உணவங்காடி. எலிகள் இரவில் சூடான எஞ்சின் மேல் வந்து படுக்கின்றன, வயரைக் கடிக்கின்றன. பானெட்டுக்கு அடியில் கோழி எலும்பு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

7 மார்ச், மதியம் 1.35

புகை வந்தால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லாரையும் இறக்கித் தள்ளிக் கூட்டிப்போய், தீயணைப்புப் படைக்கு, 995-க்கு அழையுங்கள். பானெட்டைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று உள்ளே புகுந்து தீ எழும்பும். பையை எடுக்க, பிள்ளையின் பொம்மையை எடுக்க என்று திரும்பிப் போகாதீர்கள்.

கேபிஇ விரைவுச்சாலையின் 12 கிலோமீட்டரில் 9 கிலோமீட்டர் சுரங்கம். வாடை சந்தேகம் இருக்கும் காரை அதற்குள் கொண்டுபோகவே வேண்டாம், மேலே உள்ள சாலையில் போங்கள். விரைவுச்சாலையில் கார் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, பக்கத்தில் அதற்கென்று உள்ள கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துப்போய் விடும். செலவாகுமே என்று பயந்து புகையும் காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

8 மார்ச், இரவு 9.00

"ஜோகூர் பாருவில் பாதி விலைக்குப் பார்ப்பார்கள், அங்கே கொண்டுபோ" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நானும் டயருக்கும் ஆயிலுக்கும் போகிறவன்தான். ஆனால் கருகல் வாடை அடிக்கும் காரை, முக்கால் டாங்க் பெட்ரோலோடு, விடுமுறை நெரிசலில், சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் காஸ்வேயில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து கொண்டுபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் அதன் நடுவில் கார் நின்றால் உங்கள் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டும்.

அந்த நெரிசலில் வரும் வாடை வேறு, அதையும் இதோடு குழப்புகிறார்கள். பக்கத்தில் நிற்கும் வேன், லாரியிலிருந்து கிளட்ச் கருகும் வாடை வரும். பழைய செய்தித்தாளை எரித்த மாதிரி இருக்கும். என் மைத்துனர் பூ விநியோகத்துக்கு மேனுவல் வேன் ஓட்டுகிறார். பலமாடி நிறுத்துமிடத்தின் சரிவில் முன்னால் உள்ள கார் நகரும்வரை பிரேக் பிடிக்காமல் பாதிக் கிளட்ச்சிலேயே வேனை நிறுத்தி வைக்கும் பழக்கம் அவருக்கு. ஒன்றரை வருடத்தில் கிளட்ச் தட்டு தேய்ந்துபோனது. ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தப் பழகிய பிறகு வாடை இல்லை.

9 மார்ச், காலை 8.20

தம்பி நான்கு சக்கரங்களையும் பார்த்துவிட்டார். இடது வலது எல்லாம் ஏறக்குறைய ஒரே சூடு. ஆக பிரேக்கும் இல்லை. இரண்டாவது முறையும் நான் சொன்னது பொருந்தவில்லை.

சரி, இன்று ஒர்க்‌ஷாப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். வாடை வரும்போது ஏர்கானில் உள்சுற்றுப் பொத்தானை அழுத்துங்கள், காருக்குள் அம்புக்குறி வளைந்து போகும் படம் இருக்குமே, அது. ஒரு நிமிடத்தில் வாடை குறைந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. ஏர்கான் வெளிக்காற்றை இழுக்கும் வாய் முன் கண்ணாடியின் அடியில், பானெட்டை ஒட்டி இருக்கிறது. எஞ்சின் பக்கம் என்ன கருகினாலும் அது வழியாகத்தான் வரும். பொத்தானை அழுத்தியும் வாடை அப்படியே இருந்தால் காருக்கு உள்ளேயே தேட வேண்டும், வயர் பக்கம்.

9 மார்ச், மாலை 6.45

பதில் வந்துவிட்டது. உள்சுற்றில் வாடை நின்றது. ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினின் மேல் மூடிக்கு அடியில் இடுக்கை அடைக்கும் ரப்பர், அதாவது கேஸ்கெட், கெட்டியாகி ஓரத்தில் எண்ணெய் கசிந்திருப்பதைக் காட்டினார்களாம். அது சொட்டுச் சொட்டாக எக்ஸாஸ்டின் தகட்டு மேல் விழுந்து வெந்திருக்கிறது. ஓட்டும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடும், நின்றால்தான் மேலே கிளம்பும். நிறுத்திய பிறகு ஏன் வாடை என்பது இப்போது விளங்குகிறது. பத்து வருடம் வெந்த ரப்பர் அது. தம்பி அனுப்பிய படத்தில், கழற்றும்போதே அப்பளம் மாதிரி துண்டு துண்டாக உடைந்து கிடந்தது. கேஸ்கெட் விலை அதிகமில்லையாம், வேலைக்குத்தான் காசு.

எண்ணெய் வாடை என்றால் நமக்குத் தெரியாதா என்று நினைப்போம். சூடான இரும்பில் பழைய எஞ்சின் ஆயில் வேகும்போது வருவதை ரப்பர் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். வண்டிக்கு அடியில் சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே இருக்கும் கிரீஸ் தெறித்துப் புகைக்குழாயில் பட்டாலும் இதே வாடைதான்.

தம்பி, கசிந்த எண்ணெய் பெல்ட் பக்கம் இறங்கியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்டால் ஈபிடிஎம் ரப்பர் உப்பிவிடும்.

9 மார்ச், இரவு 11.50

மேலே உள்ள கடைசி வரியை எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. பெல்ட் ரப்பர் எண்ணெயில் உப்பும் என்றால், பிரேக்கில் இருக்கும் ரப்பரும் ஈபிடிஎம்தானே? 2022-ல் அந்தப் பின்னுக்கு நான் எந்தக் கிரீஸ் போட்டேன்?

எழுந்து, வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் பாம் ஷெல்டரில் தேடினேன். எல்லார் வீட்டையும்போல எங்கள் வீட்டிலும் அதுதான் சாமான் அறை. அப்பா விட்டுப்போன கிரீஸ் டின் இருந்தது, பேரிங்குகளுக்குப் போடும் லித்தியம் கிரீஸ், மினரல் ஆயிலில் செய்தது. பக்கத்திலேயே ஒர்க்‌ஷாப்பில் பழைய சாமான்களைப் போட்டுக் கொடுத்த பையும் இருந்தது. கீழ்ப் பின்னை எடுத்து விளக்கடியில் பார்த்தேன். அதன் நுனியில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் உறை இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. உலோகத்தில் துரு ஒரு பொட்டுகூட இல்லை.

ஆக முதல் முறை இறுகியது துருவால். இரண்டாம் முறை இறுகியது நான் போட்ட கிரீஸால். "நம் ஊர் மழை" என்று 5-ஆம் தேதி எழுதியது தவறு. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் கிடக்கும் கிரீஸை எடுத்துப் போட்டிருந்தால் உடனே கழற்றித் துடைத்துவிடுங்கள். பிரேக் பின்னுக்குப் பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ்தான் போட வேண்டும், சிலிக்கான் வகை. பேடிலும் டிஸ்க்கிலும் துளிகூடப் படக்கூடாது. அந்த ஆறு மாதமும் என் பிள்ளை பின்னிருக்கையில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனான். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு திக்கென்கிறது.

10 மார்ச், காலை 10.15

பெடோக் அண்ணன் எழுதியிருக்கிறார். டேஷ்கேம் வயர் கதவின் கீலில் நசுங்கி உறை கருகியிருந்ததாம். எலெக்ட்ரீஷியன் முழுவதையும் பிடுங்கி, ஃபியூஸ் போட்டுப் புதிதாக இழுத்துக் கொடுத்துவிட்டார். இந்தப் பதிலுக்காகத்தான் மூன்று நாளாகக் காத்திருந்தேன்.

18 மார்ச், இரவு 8.30

தம்பி குடும்பம் மலாக்கா போய்ப் பத்திரமாகத் திரும்பிவிட்டது. மாச்சாப் ஓய்விடத்தில் நிறுத்தியபோது பெரிய மகள் இறங்கி நான்கு சக்கரங்களுக்கும் புறங்கையைக் காட்டிப் பார்த்தாளாம். வாடை எதுவும் இல்லை.

நான் இன்று இரண்டு கேலிப்பரையும் கழற்றிப் பார்த்தேன். ஒர்க்‌ஷாப் போட்ட பின்கள் விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகின்றன, ரப்பர் உப்பவில்லை. அப்பாவின் டினை எறிய மனம் வரவில்லை. கேட் கீலுக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருக்கிறேன். பிரேக்குக்கு வாங்கிய புதுக் குழாயைத் தனிப் பெட்டியில் போட்டாயிற்று. மகன் இரண்டின் மேலும் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறான். ஒன்றில் "பிரேக்", மற்றதில் "தாத்தா டின், கேட்டுக்கு மட்டும்".